பச்சை அறையின் கணக்கு

ரூலட் என்பது சுழலும் சக்கரத்தில் ஒரு சின்னக் குண்டை உருட்டிவிட்டு, அது எந்த அறையில் விழும் என்று பணம் கட்டும் சூதாட்டம். ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 37 அறைகள். 1 முதல் 36 வரை பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பூஜ்யம் மட்டும் பச்சை. அந்த மேசையில் கேசினோவுக்கு வரும் லாபமெல்லாம் இந்தப் பச்சை அறையால்தான்.

17-ஆம் எண்ணில் ஒரு யூரோ கட்டுகிறீர்கள். குண்டு அதில் விழ 37-இல் ஒரு வாய்ப்பு. விழுந்தால் கட்டிய பணத்தோடு 35 யூரோ தருவார்கள். கணக்குப்படி தரவேண்டியது 36. இந்தக் குறைவு, கட்டும் பணத்தில் சராசரியாக 2.7 சதவீதம்.

இவ்வளவுதானா, ஜி.எஸ்.டி.யே இதைவிட அதிகமாயிற்றே என்று தோன்றும். ஆனால் இந்த 2.7 பிடிபடுவது நீங்கள் கொண்டுபோன பணத்தில் அல்ல. ஒவ்வொரு முறை கட்டும் பணத்திலும். 1,000 யூரோவோடு உட்கார்ந்து, ஜெயித்ததையும் திரும்பப் போட்டு, 100 யூரோ வீதம் 60 முறை கட்டினால் மொத்தம் 6,000 ஆகிவிடும். சராசரி நஷ்டம் 162. லாஸ் வேகாஸில் ஆடுகிறவருக்கு மது இலவசம் என்றால், அது அவர் எழுந்து போகாமலிருக்கத்தான்.

60 சுற்றில் நீங்கள் ஜெயித்தும் போகலாம், பலர் போகிறார்கள். கேசினோவுக்கு அதில் கவலையில்லை. சிவப்பு, கறுப்பில் 1 யூரோ வீதம் பத்து லட்சம் பந்தயம் விழுந்தால் அதன் எதிர்பார்ப்பு சுமார் 27,000 யூரோ. அதிர்ஷ்டத்தால் இரண்டாயிரம் கூடலாம், குறையலாம். நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்புறம் எதற்கு ஏமாற்று வேலை?

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ கேசினோவில் 26 முறை தொடர்ந்து கறுப்பே விழுந்தது. ‘இனி சிவப்புதான்’ என்று கட்டிக் கட்டியே பலர் காலியானார்கள். குண்டுக்கு நினைவு ஏது? 27-ஆவது சுற்றிலும் சிவப்புக்கு 37-இல் 18 வாய்ப்புதான்.

தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டினால் ஒருநாள் மீட்டுவிடலாம் என்பார்கள். 100 யூரோவில் தொடங்கி பத்து முறை தோற்றால் 11-ஆவது பந்தயம் 1,02,400 யூரோ. அதற்கு முன்பே மேசையின் உச்சவரம்பு குறுக்கே வந்துவிடும்.

அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டு பச்சை அறைகள், கேசினோவின் பங்கு 5.26 சதவீதம். லாஸ் வேகாஸில் சில மேசைகளில் மூன்றுகூட உண்டு, அங்கே 7.7. அதிலும் ஆட்கள் உட்காரத்தான் செய்கிறார்கள்.