டங்கிளியோஸ்டியஸ்: சொல் விளக்கம்

ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தின் கடைசியில் கடலில் வேட்டையாடித் திரிந்த, பின்பு அடியோடு அழிந்துபோன மீன் பேரினம் இது. தலையும் மார்பும் கனத்த எலும்புத் தகடுகளால் மூடியிருந்தன. பல் கிடையாது. தாடை எலும்பே கூரிய அலகாக நீண்டிருக்கும்; வாயை மூடித் திறக்கும்போது மேலும் கீழும் உரசித் தானே கூராகிக்கொள்ளும்.

பெயரின் முற்பாதி ஓர் ஆளுடையது. டேவிட் டங்கிள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொல்லுயிர்ப் பிரிவைக் கவனித்தவர். பிற்பாதி, எலும்பைக் குறிக்கும் 'ஆஸ்டியோன்' என்ற கிரேக்கச் சொல். ஆஸ்டியோபோரோசிஸ் என்ற நோய்ப் பெயரிலும் இதுதான் இருக்கிறது. வடமொழி வழியாக நமக்கு வந்த 'அஸ்தி'யும் இதே வேரிலிருந்து கிளைத்த சொல்தான்.

1867இல் ஒகையோ மாநிலத்தின் ஈரி ஏரிக்கரைப் பாறைகளில் ஜே டெரெல் இதன் புதைபடிவங்களைக் கண்டெடுத்தார். 1873இல் ஜான் நியூபெரி வைத்த பெயர் டைனிக்திஸ் டெரெல்லி. அஞ்சத்தக்க மீன் என்று பொருள். டைனோசரில் வரும் அதே 'டைனோ'. அப்புறம் 1956இல் பிரெஞ்சு அறிஞர் ழான் பியர் லேமான் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து இப்போதைய பெயரைக் கொடுத்தார். டெரெல்லி, சிற்றினப் பெயராக நீடிக்கிறது.

எலும்பு என்ற பெயர் மிகவும் பொருத்தம். கல்லாகிக் கிடைப்பது பெரும்பாலும் முன்னுடல் கவசம் மட்டுமே. பின்னுடலின் குருத்தெலும்பு மிஞ்சவில்லை. அதனால் நீளத்தை ஊகித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 8, 9 மீட்டர் என்று எழுதிவந்தார்கள். 2023இல் ரஸ்ஸல் எங்கல்மனின் ஆய்வு அதை 4 மீட்டர் அளவுக்குக் குறைத்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'டங்கிள் எலும்புமீன்' என்றால் குழப்பம் வரும். எலும்பு மீன்கள் என்பது கெண்டை, வஞ்சிரம் போன்றவற்றைக் குறிக்கும் வகுப்பின் பெயர். ஆள் பெயரில் பிறந்த பேரினப் பெயரை அப்படியே ஒலிபெயர்ப்பதே முறை. தமிழாக்க வேண்டியது இது சேர்ந்த பெரும் பிரிவான பிளாக்கோடெர்ம். கிரேக்கத்தில் பிளாக்ஸ் தகடு, டெர்மா தோல். நட்சத்திர மீன் அடங்கிய தொகுதிக்கு முட்தோலி என்ற பெயர் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அதே அச்சில் இதைத் 'தகட்டுத்தோலி' என்னலாம். கவசமீன் என்பதும் காதுக்கு இனிமைதான். ஆனால் தாடையே இல்லாத வேறு பழைய மீன்களும் கவசம் பூண்டிருந்ததால், பிரிவைச் சுட்டும்போது தகட்டுத்தோலியே துல்லியம்.