ட்ரம்பெட் எக்காளம்தான், ஊதுகுழல் அன்று

ட்ரம்பெட் என்ற சொல்லைக் கண்டவுடன் 'ஊதுகுழல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் வழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வேரூன்றிவிட்டது. இசைக் கட்டுரையில் ஊதுகுழல், சிறுவர்களுக்கான அறிவியல் நூலில் ஊதுகுழல், ஆவணப்படத்தின் வசன வரிகளில் ஊதுகுழல். ஏதோ ஒரு சொல் இருந்தால் போதும் என்று இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கருவி எதனால் ஒலிக்கிறது என்பதையே இந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

முதலில் மூலச்சொல். பிரெஞ்சில் 'ட்ரோம்ப்' என்றால் ஊதுகொம்பு. அதனுடன் சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து 'ட்ரோம்பெத்' ஆயிற்று. அதுவே ஆங்கிலத்தில் ட்ரம்பெட். ட்ரோம்ப் ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்தது, கருவியின் ஓசையைப் பார்த்துப் பிறந்த ஒலிக்குறிப்புச் சொல் என்பது அறிஞர்கள் கருத்து. இத்தாலியில் இதே சொல் 'ட்ரோம்பா'. அதற்குப் பெருமை விகுதி சேர்த்தால் ட்ராம்போன், அதாவது பெரிய ட்ரம்பெட். சொல்லின் வரலாற்றுக்கு இவ்வளவு போதும். நம் சிக்கல் அங்கே இல்லை, கருவிக்குள் இருக்கிறது.

ட்ரம்பெட்டை எடுத்து, வாயைத் தளரத் திறந்து வைத்து, உள்ளே காற்றை ஊதிப் பாருங்கள். 'உஸ்' என்ற காற்றோசை மட்டும்தான் மறுமுனையில் வரும். எவ்வளவு பலமாக ஊதினாலும் சுரம் பிறக்காது. ஏனென்றால் இந்தக் கருவியில் ஒலியைப் பிறப்பிப்பது குழாய் அன்று, வாசிப்பவரின் உதடுகள். உதடுகளை இறுக்கி மூடி, கிண்ணம் போன்ற வாய்முனையில் பதித்து, மூச்சை அழுத்தினால் அழுத்தம் தாங்காமல் உதடுகள் திறக்கும், உடனே மூடும், மறுபடி திறக்கும். நடு உயரத்தில் ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது இது நொடிக்கு 466 முறை நடக்கிறது. ஒவ்வொரு திறப்பிலும் ஒரு சிறு காற்றுத் துடிப்பு குழாய்க்குள் பாய்கிறது. அந்த அழுத்த அலை குழாயின் விரிந்த முனைவரை ஓடி, சிறு பகுதி மட்டும் வெளியேற, பெரும்பகுதி திரும்பி வந்து உதடுகளைத் தாக்குகிறது. திரும்பி வரும் அலையும் உதடுகள் திறக்கும் நேரமும் ஒத்துப்போனால் அதிர்வு நிலைபெறும். ஒத்துப்போகாவிட்டால் சுரம் உடைந்துவிடும். குழாய் உதட்டை ஆள்கிறது, உதடு குழாயை ஒலிக்கவைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கருவி.

புல்லாங்குழலில் இப்படி எதுவும் அதிர்வதில்லை. காற்றின் தாரை துளையின் விளிம்பில் மோதி உள்ளும் புறமுமாக அலைவதால் அங்கே ஒலி பிறக்கிறது. நாகசுரத்திலும் கிளாரினெட்டிலும் அதிர்வது வாய்முனையில் இருக்கும் சீவாளி என்ற மெல்லிய நாணல் தகடு. ஆக, ஊதும் கருவிகள் ஒலி பிறக்கும் முறையால் மூன்றாகப் பிரிகின்றன: விளிம்பு, சீவாளி, உதடு. 1914இல் ஹார்ன்போஸ்டல், கர்ட் சாக்ஸ் என்ற இசையியல் அறிஞர்கள் இருவரும் வெளியிட்ட இசைக்கருவிப் பகுப்பும் இந்த வேறுபாட்டைத்தான் அடிப்படையாகக் கொண்டது. அதில் உதடு அதிரும் கருவிகள் அத்தனைக்கும் 'ட்ரம்பெட்கள்' என்றே பொதுப்பெயர். சங்கும் அந்தப் பகுப்பில் ஒரு ட்ரம்பெட்.

இப்போது 'ஊதுகுழல்' என்ற சொல்லைப் பாருங்கள். குழல் என்று கேட்டவுடன் தமிழ்க் காது புல்லாங்குழலை நினைக்கிறது. விளிம்பில் காற்று மோதும் கருவியின் பெயரை உதடு அதிரும் கருவிக்குச் சூட்டியிருக்கிறோம். குழல் என்பது வெறும் குழாயைக் குறிக்கும் பொதுச்சொல்தானே, துப்பாக்கிக் குழல் இல்லையா என்று சிலர் வாதிடுகிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஊதப்படும் குழாய்தான் ஊதுகுழல் என்றால் நாகசுரம் ஊதுகுழல், கிளாரினெட் ஊதுகுழல், சாக்ஸபோன் ஊதுகுழல், புல்லாங்குழலும் ஊதுகுழல். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயர் எதற்கும் பெயர் ஆகாது. துளைக்கருவி என்ற நல்ல பொதுச்சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்க, இன்னொரு பொதுச்சொல் எதற்கு?

போதாக்குறைக்கு இந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு வேலைகள் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுப்பில் தீ மூட்ட ஊதும் குழாய் ஊதுகுழல்; ஊதாங்குழல் என்றும் சொல்வோம். உதடு அதிராமல் ட்ரம்பெட்டை ஊதினால் என்ன கிடைக்குமோ அதுதான் அந்தக் குழாயில் கிடைப்பது: காற்று மட்டும், ஒலி இல்லை. இரண்டாவது, 'ஆளுங்கட்சியின் ஊதுகுழல்' என்று நாளேடுகள் எழுதும்போது வரும் பொருள்: பிறர் சொன்னதைச் சொல்பவர். 'அவர் அந்தக் குழுவின் முதன்மை ஊதுகுழலாக விளங்கினார்' என்று ஒரு ட்ரம்பெட் கலைஞரைப் பற்றி எழுதினால், அதைப் படிப்பவர் அவரை இசைக் கலைஞராக எண்ணுவாரா, பிரசாரகராக எண்ணுவாரா? வாழ்நாளெல்லாம் உதட்டையும் மூச்சையும் பழக்கிய ஒருவருக்கு இதைவிட அவமதிப்பு வேறு என்ன வேண்டும்?

எனக்குச் சரியென்று படுவது எக்காளம். நீண்ட உலோகக் குழாய், ஒரு முனையில் உதடு பதிக்கும் இடம், மறுமுனையில் விரிந்த வாய்: கருவி அதே இனம். ஒலி பிறக்கும் முறையும் அதே. சொல்லும் செத்துப்போன சொல் அன்று. எக்காளமிடுதல், எக்காளச் சிரிப்பு என்று இன்றும் எழுதுகிறோம். பழைய விவிலியத் தமிழில் இறுதி நாளில் தொனிப்பது எக்காளம்தான். எண்ணாகமத்தில் வெள்ளியால் செய்த ட்ரம்பெட்டுகளுக்குப் பூரிகை என்ற வேறு சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஊதுகுழலில் போய் விழவில்லை.

எக்காளத்துக்கு எதிராகச் சொல்லப்படுவன மூன்று. முதலாவது, அது தூய தமிழ் அன்று; காளம், காகளம் என்பவை 'காஹள' என்ற வடசொல்லோடு உறவுடையவை. இருக்கட்டும். தனித்தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் அதற்கும் ஊதுகுழலைப் பிடிக்க வேண்டியதில்லை. மலைபடுகடாத்தில் 'களிற்றுயிர்த் தூம்பு' என்று ஒரு கருவி வருகிறது: களிறு மூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் நெடிய தூம்பு. குழாயையும் மூச்சையும் ஓசையையும் ஒரே தொடரில் அடக்கிய பெயர். இவ்வளவு அழகான பெயரை வைத்திருந்தவர்களின் மொழியில்தான் ஊதுகுழலைத் 'தூய தமிழ்' என்று பரிந்துரைக்கிறார்கள். ஆனாலும் தூம்பு இன்று நீர் வெளியேறும் வழியையே குறிக்கிறது, ஊதுகொம்பைக் குறித்த வயிர் என்ற பழஞ்சொல் வழக்கிழந்துவிட்டது, தாரை என்றால் நீர்த்தாரையா இசைத்தாரையா என்று ஐயம் வரும். கொம்பு உயிருள்ள சொல், ஆனால் அது ஹார்ன் என்பதற்கு வேண்டும். அடியிலிருந்து நுனிவரை கூம்பாக விரிந்துகொண்டே போகும் கருவிகளுக்குக் கொம்புதான் பொருத்தம். ட்ரம்பெட்டின் குழாயோ நடுவில் நெடுந்தூரம் ஒரே அகலத்தில் செல்கிறது. சொல் எங்கே பிறந்தது என்பதைவிட, படிப்பவருக்குச் சரியான பொருளைத் தருகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இரண்டாவது, எக்காளம் என்றால் கேலி, இறுமாப்பு என்ற பொருள் வந்துவிடும் என்பது. அந்தப் பொருளே கருவியின் ஓசையிலிருந்து கிளைத்ததுதான். ட்ரம்பெட்டைப் பலமாக வாசிக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் மிகுந்து, அலையின் முகப்பு போகப்போகச் செங்குத்தாகி, ஒருவகை அதிர்ச்சி அலையாகவே மாறுகிறது. காதைத் துளைக்கும் அந்தப் பளிச்சென்ற உலோகக் குரலுக்கு இதுதான் காரணம். வெற்றிக் களிப்பில் ஒருவர் எக்காளமிடுகிறார் என்றால் அந்தக் குரல்தான் அங்கே உவமை. உவமை நிலைத்துவிட்டதால் உவமித்த பொருளுக்குப் பெயர் இல்லாமல் போய்விடுமா?

மூன்றாவது வாதம்தான் கேட்கும்போது வலுவாகத் தோன்றும்: எக்காளத்தில் வால்வு (விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தைக் கூட்டும் அமைப்பு) இல்லை, ட்ரம்பெட்டில் மூன்று வால்வுகள் இருக்கின்றன, ஆகவே இரண்டும் வேறு. இதைச் சொல்பவர்கள் ட்ரம்பெட்டின் வரலாற்றைப் பார்க்கவில்லை. நூற்றாண்டுகளாக ட்ரம்பெட்டிலும் வால்வு கிடையாது. பரோக் காலத்து (17, 18ஆம் நூற்றாண்டு) ட்ரம்பெட் என்பது 2 மீட்டருக்கும் நீண்ட குழாயை மடித்து வைத்ததுதான். 1796இல் இசையமைப்பாளர் ஹைடன் எழுதிய ட்ரம்பெட் கன்செர்ட்டோகூட, ட்ரம்பெட் கலைஞர் அன்டோன் வைடிங்கர் பக்கவாட்டில் துளையிட்டு மூடிகள் பொருத்திய கருவிக்காக எழுதப்பட்டது. ஹைன்ரிஷ் ஷ்டோல்ட்சலும் ஃபிரிட்ரிஷ் ப்ளூமலும் பிரஷியாவில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றது 1818இல். இன்று நாம் காணும் பிஸ்டன் வடிவம் பாரிஸில் பெரினே 1839 வாக்கில் செய்தது. வால்வு வந்ததும் ஐரோப்பியர்கள் ட்ரம்பெட் என்ற பெயரைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. அவர்கள் பழைய பெயரையே புதிய கருவிக்கும் தொடர்ந்தபோது, நாம் மட்டும் ஏன் கூச வேண்டும்? வேறுபடுத்தியே ஆகவேண்டிய இடத்தில் 'வால்வு எக்காளம்' என்று எழுதலாம்.

வால்வு இல்லாமல் எப்படிச் சுரங்கள் வந்தன என்று கேட்பீர்கள். ஒரு முனை மூடிய உருளைக் குழாய் தன் அடிப்படை அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகளில்தான் ஒத்திசைக்கும். ட்ரம்பெட்டில் உதடு இருக்கும் முனை மூடிய முனைக்குச் சமம். ஆனால் விரிந்த வாய் கீழ்ச் சுரங்களை மேலே ஏற்றுகிறது, வாய்முனைக் கிண்ணம் மேல் சுரங்களைக் கீழே இறக்குகிறது. இந்த இரண்டு திருத்தங்களும் சேர்ந்து ஒத்திசைவுகளை 2, 3, 4, 5, 6 என்ற ஒழுங்கான விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. உதட்டின் இறுக்கத்தை மாற்றி இந்தப் படிகளில் ஏறி இறங்கலாம். படிகளுக்கு இடையில் உள்ள சுரங்களுக்குத்தான் வால்வு.

இன்றைய ட்ரம்பெட்டின் குழாய் ஏறத்தாழ 148 செ.மீ. நீளம். நடு வால்வை அழுத்தினால் ஒரு சிறு வளைவு கூடுதலாகச் சேர்ந்து சுரம் அரைச் சுரம் இறங்கும். முதல் வால்வு இரண்டு அரைச் சுரம், மூன்றாவது மூன்று. இதில் ஒரு முடிச்சு உண்டு. அரைச் சுரம் இறங்க இருக்கும் நீளத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு கூட வேண்டும். ஒவ்வொரு வளைவும் வால்வு அழுத்தாத குழாயின் நீளத்துக்குக் கணக்கிடப்பட்டது. மூன்று வால்வையும் சேர்த்து அழுத்தும்போது குழாய் ஏற்கெனவே நீண்டுவிட்டதால், வளைவுகளின் கூட்டுத்தொகை 6 செ.மீ. அளவுக்குக் குறைவுபட்டு, சுரம் சற்று ஏறி நிற்கும். அதனால்தான் மூன்றாவது வளைவில் விரல் நுழைக்க ஒரு வளையம் இருக்கிறது. வாசித்துக்கொண்டே அந்த வளைவை வெளியே தள்ளி, குறைகிற நீளத்தை ஈடுசெய்வார்கள்.

இந்த வால்வைத் 'தடுக்கிதழ்' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். இதயத்தில் அது சரி. அங்கே இரத்தம் பின்னோக்கி வராமல் தடுக்கிறது. இங்கே எதுவும் தடுக்கப்படுவதில்லை, காற்றின் வழி சுற்றுப்பாதைக்குத் திருப்பிவிடப்படுகிறது. வேலை என்ன என்று பாராமல் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லைப் போட்டால் இப்படித்தான் ஆகும். வால்வு என்றே விட்டிருக்கலாம், அனைவருக்கும் புரியும் சொல். அதைவிடக் கொடுமை, விரிந்த முனையை 'மணி' என்று எழுதுவது. ஆங்கிலத்தில் அதற்கு மணியின் பெயர் இருக்கிறது, உண்மை. ஆனால் 'ட்ரம்பெட்டின் மணி' என்று தமிழில் படிப்பவர் எங்கோ ஒரு மணி தொங்குவதாகத்தான் நினைப்பார். நாகசுரத்தின் விரிந்த அடிப்பகுதிக்கு அணசு என்று பெயர். அதே வடிவம், அதே வேலை. அந்தச் சொல்லை எடுத்தாள யாருடைய அனுமதி வேண்டும்?

இனப்பெயரிலும் இதே அவசரம். 'பித்தளைக் கருவிகள்' என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்க்கிறார்கள், சிலர் ஒருபடி மேலே போய்க் கஞ்சக்கருவி என்கிறார்கள். கஞ்சக்கருவி தாளம் போல உலோகமே அதிர்ந்து ஒலிப்பது. ட்ரம்பெட் அதில் சேராது. பித்தளை என்ற அடையாளமும் நிற்காது. அடால்ஃப் சாக்ஸ் (முன்பு சொன்ன சாக்ஸ் அல்லர்) 1846இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன் பித்தளையால் ஆனது, ஆனால் சீவாளிக் கருவி. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ முழுக்க மரம், ஆனால் உதடு அதிரும் கருவி. உதட்டதிர்வுக் கருவிகள் என்று எழுதினால் இந்தக் குழப்பம் எதுவும் வராது. குழாயை இழுத்து நீட்டிச் சுரம் மாற்றும் ட்ராம்போனுக்கு இழுப்பு எக்காளம் பொருந்தும்.

கடைசியாக யானை. யானை எழுப்பும் ஓசைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லை வினையாக்கிப் பயன்படுத்துகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு 'யானை எக்காளமிட்டது' என்று பெயர்த்தால், எக்காளத்துக்காக இவ்வளவு வாதாடும் நானும் ஏற்க மாட்டேன். யானை பிளிறும். அதுபோலவே தன் பெருமையைத் தானே பேசுகிறவரைத் 'தன் ஊதுகுழலைத் தானே ஊதுகிறார்' என்று எழுதுகிறார்கள். தமிழில் அவர் தம்பட்டம் அடிக்கிறார். தம்பட்டம் தோற்கருவி, அதில் ஊத எதுவும் இல்லை.