பவுன்சர்: ஆடுமணையா, ஆட்டுமணையா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பந்தாங் காலம், அதாவது பிள்ளை பெற்றவள் வீட்டோடு பத்தியம் காக்கும் காலம், வெளியே போக முடியாது. அதனால் கைப்பேசியிலேயே கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். போன புதன்கிழமை ஒரு படம் அனுப்பினாள். வளைத்த இரும்புக் கம்பி, அதன்மேல் இழுத்துப் பூட்டிய சாம்பல் நிறத் துணி, தலைக்கு மேலே ஒரு வளைவில் தொங்கும் யானை, சிங்கம், கிளி. கூடவே ஒரு வரி: "சின்னம்மா, இந்தப் பவுன்சர் வேணுமா வேணாமா? அப்புறம் இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

வேணுமா வேணாமா என்பதை அவள் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நான் இரண்டாவது கேள்வியைக் கையில் எடுத்தேன். பெயரைத் தேடப் போன இடத்தில்தான் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்தது.

பவுன்சர் என்றதும் தமிழ்க் காதில் முதலில் விழுவது கிரிக்கெட். பந்து தரையில் குத்தி, மட்டையாளரின் முகத்துக்கு நேரே எழும்பி வருவது. அடுத்தது, நடிகர்களைச் சுற்றிக் கறுப்புச் சட்டையில் நிற்கும் தடித்த ஆட்கள். மூன்றாவது, பவுன்ஸ் ஆன காசோலை. மலாய்க்காரர்கள் இந்த மூன்றாவதை 'செக் தெண்டாங்' என்பார்கள். உதை வாங்கிய காசோலை! மூன்றிலும் ஒரு மோதல் இருக்கிறது, மோதியது திரும்பி வருகிறது. இது தற்செயல் இல்லை. 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருளே அடித்தல், குத்துதல்தான். பட்டுத் தெறித்து எழும்புதல் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அடிதடியில் பிறந்த சொல்லைத் தாங்கிக்கொண்டு ஒரு நாற்காலி பச்சைக் குழந்தையின் அறைக்குள் வந்திருக்கிறது.

மற்ற மொழிக்காரர்கள் இதற்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் சுவையாக இருக்கிறது. பிரெஞ்சில் 'திரான்சாத்'. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணக் கப்பல்களின் மேல்தளத்தில் துணி கட்டிய சாய்வு நாற்காலி போட்டிருப்பார்கள். அந்தப் பெயரைச் சுருக்கிக் குழந்தைக்கும் கொடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் 'பேபிவிப்பே'. விப்பே என்றால் பூங்காவில் இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்து ஏறி இறங்கும் ஏற்றப் பலகை. சுவீடனில் 'பேபிசிட்டர்'. பேபிபியோர்ன் நிறுவனம் 1961இல் தொழில் தொடங்கியதே இப்படியொரு இருக்கையோடுதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளைக் குறிக்கும், சுவீடியர்களுக்கோ அது குழந்தை உட்காரும் சாமான். ஒருவர் உருவத்தைப் பார்த்தார், ஒருவர் அசைவைப் பார்த்தார், ஒருவர் உட்காருவதைப் பார்த்தார். தூக்கத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவர் இந்த மூவரில் ஒருவரும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு வருவோம். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். எதிர்பார்த்தபடியே 'துள்ளல் நாற்காலி' வந்து நின்றது. இதில் இரண்டு சொல், இரண்டுமே தப்பு. துள்ளுவது கன்றுக்குட்டி, துள்ளுவது மீன். மூன்று வாரக் குழந்தை துள்ளாது, கைகாலை உதறிக்கொண்டு கிடக்கும். நாற்காலிக்கு நாலு கால் வேண்டும். இதற்குக் காலே கிடையாது, கம்பி நேராகத் தரையில் படிந்திருக்கிறது.

சரி, தொட்டில் வகையில் ஏதாவது தேறுமா? நம்மிடம் அங்கே பஞ்சமே இல்லை. தொட்டில் பழைய சொல். கண்ணனை 'வண்ணச் சிறுத்தொட்டி'லில் போட்டுத் தாலாட்டியவர் பெரியாழ்வார். சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் தூளி, யாழ்ப்பாணத்தாருக்கு ஏணை. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் யாழ்ப்பாண வழிவந்த பழைய குடும்பங்களில் விசாரித்தால் ஏணை என்ற சொல் இன்னும் காதில் விழும். இங்கே எல்லா இனத்தார் வீட்டிலும் இருக்கும் ஸ்பிரிங் தொட்டிலுக்கு மலாயில் புவாயான் என்று பெயர். புவாய் என்றால் ஆட்டு, அவ்வளவுதான். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டப் போகிற தாய்மார் விடியுமுன்னே பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்களாம். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும், ஒரே ஆயா நாலைந்தை மாறி மாறி ஆட்டிவிடுவாராம். "ஆட்டறத நிறுத்துனா ஒண்ணு முழிக்கும், அது அழுதா எல்லாம் முழிக்கும்" என்பார் அம்மா.

இங்கேதான் சிக்கல். தமிழில் தூங்கு என்ற வினைக்கு முதல் பொருள் உறங்குவது இல்லை. தொங்குவது, தொங்கியபடி அசைவது. பனையோலை நுனியில் கூடு தொங்கவிடும் பறவைக்குத் தூக்கணாங்குருவி என்று பெயர் வந்தது இந்த வழியில்தான். உறங்குதல் என்ற பொருள் பின்னால் வந்தது, வந்து மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது. எனக்குத் தோன்றுவது, அதற்குத் தொட்டிலும் ஒரு காரணமாக இருக்கலாம். தொங்கி ஆடும் பிள்ளை உறங்கும் பிள்ளைதானே! எப்படியோ, அசைவும் உறக்கமும் நம் மொழியில் ஒரே வினைக்குள் குடியிருக்கின்றன. அசைகிற ஒன்றில் பிள்ளையைப் போட்டால் அது தூங்கத்தான் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பவுன்சரைப் பார்த்த என் அக்காவும் அதைத்தான் சொன்னாள்: "நல்ல தொட்டிலா இருக்கே, ராத்திரிக்கு ஆகும்."

ஆகாது. ஏன் என்பதைக் கண்ணாலேயே பார்த்தோம். வாங்குவதற்கு முன் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று, கிள்ளானில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பவுன்சரை ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர்கள் பையனுக்கு வயது இரண்டு, சாமான் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. துணியைத் துவைத்துப் பூட்டி, குழந்தையைக் கிடத்தி, இடுப்பிலும் கவட்டிலும் வாரைப் போட்டோம். விழித்துக்கொண்டு மேலே தொங்கும் கிளியைப் பார்த்தது. காலை ஒரு உதை விட்டதும் கம்பி லேசாக எழும்பி இறங்கியது, அந்த அசைவுக்குத் தானே திகைத்து மறுபடி உதைத்தது. எல்லோரும் சிரித்தோம். பத்து நிமிடத்தில் கண் செருகியது. அப்போதுதான் அக்காவின் மாமியார், எண்பதைத் தாண்டியவர், கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "ஏண்டி, பிள்ளைக்குக் கழுத்து மடியுது பாரு." பார்த்தால், மோவாய் நெஞ்சில் போய் ஒட்டியிருந்தது. உடனே வாரைக் கழற்றி மெத்தையில் மல்லாக்கக் கிடத்தினாள் அக்கா மகள்.

பிறந்த குழந்தைக்கு உடம்பு நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தலைதான். அதைத் தாங்கும் வலு கழுத்துக்கு இன்னும் வரவில்லை. சாய்வாகக் கிடத்தினால், தூக்கத்தில் தலை முன்னால் விழும், மூச்சுக்குழல் மடிந்து குறுகும். அழுகை, இருமல் எதுவும் கேட்காது என்பதுதான் பயங்கரம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் உறங்கும் இடம் கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும், 10 பாகைக்கு மேல் சாய்வு கூடாது என்று சொல்கிறது. பவுன்சரின் சாய்வு அதைவிட எவ்வளவோ அதிகம். தூங்குவதற்கென்றே சாய்வாகச் செய்து விற்ற ஒரு வகைப் படுக்கையை, 30க்கும் மேற்பட்ட சாவுகளுக்குப் பிறகு 2019இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள், ஏறக்குறைய 47 இலட்சம் எண்ணிக்கை. மூன்றாண்டு கழித்து அந்த வகைக்கே சட்டத்தடை வந்தது. அது பவுன்சர் இல்லை. ஆனால் பவுன்சரில் தூங்கவிட்டால் அதுவும் இதுவும் ஒன்றுதான்.

நம் தூளிக்கும் ஏணைக்கும் இதில் விலக்கு உண்டா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல வேண்டும், இல்லை. சேலைத் தொட்டிலிலும் முதுகு வளைகிறது, மோவாய் இறங்குகிறது, துணி முகத்தில் படுகிறது. நாங்களெல்லாம் அதில் வளர்ந்தவர்கள்தானே என்பார்கள். நானும் வளர்ந்தேன். ஆனால் அந்த ஆயா தொட்டிலை விட்டு நகரவே இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆக, பெயரில் தொட்டிலும் வரக்கூடாது, தூளியும் வரக்கூடாது. பெயரைக் கேட்டவுடனே இது உட்கார்த்துவது என்று படவேண்டும். இருக்கை என்று போடலாம், ஆனால் அது பேருந்து நெடியடிக்கிறது. நான் எடுத்துக்கொண்டது மணை. தரையோடு தரையாக இருக்கும் தாழ்ந்த பலகை. மணமக்கள் உட்காருவது மணை, சாப்பாட்டுக்கு முன்பெல்லாம் போட்டது மணை, அரிவாள்மணையிலும் துருவுமணையிலும் இருப்பது அதே மணைதான். (அரிவாள்மணை ஞாபகம் வருகிறதே, பிள்ளையை அதில் உட்கார்த்தவா என்று அக்கா சண்டைக்கு வந்தாள். மணவறையை நினைத்துக்கொள் என்றேன்.) மணையை யாரும் மேசைமேல் வைப்பதில்லை. பவுன்சரையும் வைக்கக்கூடாது. உதைக்க உதைக்க அது அங்குலம் அங்குலமாக நகரும், சமையல் மேடையிலோ சாப்பாட்டு மேசையிலோ வைத்தால் விளிம்புக்கு வந்துவிடும். மணை என்று சொன்னால் அந்த எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது.

மணைக்கு முன்னால் எது? இங்கே தமிழ் ஒரு நல்ல வசதி வைத்திருக்கிறது. ஆடு என்றால் தானே ஆடுவது, ஆட்டு என்றால் இன்னொருவர் அசைப்பது. இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்பார்கள். பவுன்சரில் மோட்டார் கிடையாது, கயிறு கிடையாது, ஆட்டும் கை கிடையாது. குழந்தையின் உதைதான் விசை. அது ஆடுகிறது, எனவே ஆடுமணை. மின்கலம் போட்டால் தானாக அசைந்து பாட்டும் பாடுகிற இன்னொரு வகையும் கடையில் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பவுன்சர் என்றே விற்கிறார்கள். அங்கே இயந்திரம்தான் அசைக்கிறது, எனவே ஆட்டுமணை. ஒரு ட் வித்தியாசம். வாங்கப் போகிறவர் அந்த ஒற்றெழுத்தைக் கேட்டால் போதும், விலை ஏன் இரண்டு மூன்று மடங்கு என்று புரிந்துவிடும். என்னைக் கேட்டால் ஆட்டுமணை வீண். தன் உதைக்கும் அந்த அசைவுக்கும் தொடர்பு உண்டு என்று பிள்ளை கண்டுபிடிப்பதுதான் இதில் இருக்கும் ஒரே விளையாட்டு, இயந்திரம் அதையும் பிடுங்கிக்கொள்கிறது.

ஆடு என்பதற்கு நான் மட்டும் சாட்சி இல்லை. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குரியது செங்கீரைப் பருவம். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையும் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை தானே அசைந்தாடும். புலவர்கள் அப்போது பாடுவது 'ஆடுக செங்கீரை'. ஆட்டுக என்று ஒருவரும் பாடவில்லை. ஆனால் பிள்ளை அப்படிக் கையூன்றிப் புரள முயலும் காலத்தில் பவுன்சரின் ஆயுளும் முடிந்துபோகிறது. எழுந்து உட்காரப் பார்க்கும் குழந்தை அதைக் கவிழ்த்துவிடும். பெரும்பாலான வகைகளுக்கு ஆறு மாதம், அல்லது ஒன்பது கிலோ அளவு, எது முந்துகிறதோ அதுதான் எல்லை.

வேணுமா வேணாமா என்ற கணக்கையும் போட்டுவிட்டேன். பிறந்த குழந்தை நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. விழித்திருக்கும் நேரத்தில் பாதி பாலுக்கும் பிட்டம் கழுவுவதற்கும் போய்விடும். மீதி நேரத்துக்குப் பாட்டி மடி இருக்கிறது, பாயில் சற்று நேரம் குப்புறப் போட்டுக் கழுத்துக்கு வலு சேர்க்க வேண்டிய வேலையும் இருக்கிறது. எனவே முதல் இரண்டு மாதத்துக்கு இது தேவையே இல்லை. அதற்குப் பிறகு கதை கொஞ்சம் மாறும். இந்த நாட்டில் 2023 முதல் தாய்க்கு 98 நாள் விடுப்பு, அப்பனுக்கு 7 நாள். அவன் எப்போதோ வேலைக்குத் திரும்பிவிட்டான். அக்காவும் பந்தாங் முடிந்து தெலுக் இந்தான் போய்விடுவாள். பதினான்காவது மாடியில் தாயும் பிள்ளையும் மட்டும். அவள் குளிக்கிற பத்து நிமிடம், குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, ஆடுமணையை வாசலுக்கு எதிரே தரையில் வைத்து, வாரைப் போட்டுவிட்டால் ஆகும். அதற்குக் கிள்ளான்காரர்கள் கொடுத்ததே போதும், புதிது வேண்டாம்.

தூங்கு என்பதன் பிறவினை தூக்கு. அக்கா மகளுக்கு நான் அனுப்பிய பதிலில் இலக்கணம் அவ்வளவுதான் இருந்தது: தூங்கினால் தூக்கு, மெத்தையில் போடு. கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த படத்தை அனுப்பியிருக்கிறாள். இந்தத் தடவை ஸ்வாடில். துணியில் இறுக்கிச் சுற்றிய குழந்தை, அதற்குத் தமிழில் என்ன என்று.