ஒன்பது மணி நேர லேஓவரில் நம் கைக்கு வருவது எவ்வளவு?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் டிராவல் ஏஜென்சியில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் டிக்கெட் போட வருபவர்களில் பலர், "பிராங்க்பர்ட்டில் ஒன்பது மணி நேரம் நிற்கிறதாமே, அந்த நேரத்தில் ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?" என்று கேட்பார்கள். இருபது ஆண்டுகளாக டிக்கெட் எழுதிவரும் நான் அந்த ஆசையைத் தடுப்பவன் அல்லன். நானே குளிர்காலத்தில் அந்த ஊரில் இப்படி இறங்கி நடந்திருக்கிறேன். ஆனால் லேஓவர் என்று சொல்லும், அடுத்த விமானத்துக்காக ஜெர்மனியில் காத்திருக்கும் அந்த ஒன்பது மணி நேரம் பயன்படுமா, வீணாகுமா என்பது பிராங்க்பர்ட்டில் முடிவாவதில்லை. டிக்கெட் போடும்போதும் வீட்டில் பெட்டி கட்டும்போதுமே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விசா. அமெரிக்க விசாவோ கனடா விசாவோ இருந்தால் ஜெர்மனியில் வெளியே போகலாம் என்று நம்பி வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அது தவறு. விமான நிலையத்துக்கு உள்ளேயே ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது வேறு, இமிக்ரேஷனைக் கடந்து ஊருக்குள் காலடி வைப்பது வேறு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளியே வர, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அதற்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைகளுக்கு 45 யூரோ கட்டணம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் தனி. நால்வர் கொண்ட குடும்பம் அரை நாள் ஊர் பார்ப்பதற்காக மட்டும் இந்தச் செலவைச் செய்ய வேண்டாம் என்றே நான் சொல்லி அனுப்புகிறேன். வேலை நிமித்தமாகவோ படிப்புக்காகவோ ஏற்கெனவே ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களுக்கும், விசா இல்லாமலேயே நுழைய முடிகிற கனடிய அல்லது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு டிசம்பரில் நம் ஊருக்கு வந்து திரும்புகிற நம் மக்களுக்கும் இந்த லேஓவர் நல்ல வாய்ப்பு. விசா இருப்பவர்கள் அது எத்தனை முறை நுழைவதற்கானது என்பதை அவசியம் பார்க்க வேண்டும். ஒருமுறை நுழைவதற்கான விசாவில் போகும்போது வெளியே வந்துவிட்டால், திரும்பும்போது வர முடியாது.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், மகன் இணையத்தில் மலிவாகப் பிடித்துக்கொடுத்த டிக்கெட்டோடு ஒரு வயதான தம்பதியர் சென்னை விமான நிலையத்துக்குப் போனார்கள். சென்னை, பிராங்க்பர்ட், ஜூரிச், மாண்ட்ரியல் என்பது வழி. செக்-இன் கவுன்டரிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிராங்க்பர்ட்டிலிருந்து ஜூரிச்சுக்குப் பறப்பது ஷெங்கன் எல்லைக்குள்ளேயே பறப்பது. ஆகவே பிராங்க்பர்ட்டில் இமிக்ரேஷனைக் கடந்தே தீர வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். கையில் கனடா விசா மட்டுமே இருந்தது. மறுநாள் காலை அந்த அம்மா என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, பேரனுக்காகக் கட்டிய முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நாங்க வெளியிலேயே போகலையேப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வழியில் இரண்டு ஷெங்கன் நாட்டு நிலையங்கள் வந்தால், வெளியே போகும் எண்ணமே இல்லாவிட்டாலும் விசா வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தயவுசெய்து மனத்தில் வைக்க வேண்டும்.

விசா சரியாக இருக்கிறது என்றால், அடுத்து நேரத்தைக் கணக்கிடுவோம். காலை எட்டு மணிக்கு இறங்கி மாலை ஐந்துக்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகளில் வெளிநாட்டவரின் கைரேகையையும் முகப்படத்தையும் பதியும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்ததால், இறங்கி நடந்து இமிக்ரேஷனை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவதே நல்லது. ரயிலுக்குக் காத்திருந்து ஊருக்குள் போய்ச்சேர முக்கால் மணி, திரும்பி வர முக்கால் மணி. புறப்படும் நேரத்துக்கு இரண்டரை மணி முன்பே நிலையத்தில் இருந்தால்தான் பாதுகாப்புச் சோதனையையும் பாஸ்போர்ட் சோதனையையும் நிதானமாகக் கடக்கலாம். ஆக, கைக்கு மிஞ்சுவது மூன்றரை மணி நேரம். ஏழு மணிக்கும் குறைவான லேஓவர் என்றால் வெளியே போகவே வேண்டாம் என்பது என் கருத்து. டிசம்பர் பின்பாதியில் அங்கே சூரியன் எட்டேகால் மணிக்கு மேல்தான் எழும், நாலரை மணிவாக்கில் விழுந்துவிடும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெட்டி. குளிர்காலப் பயணத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு, ஜாக்கெட்டும் ஸ்வெட்டரும் பெரிய பெட்டிக்குள் போய்விடுவது. டிக்கெட் ஒன்றே என்றால் பெரிய பெட்டி பெரும்பாலும் நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். பிராங்க்பர்ட்டில் நம் கைக்கு வராது. பருத்திச் சட்டையும் செருப்புமாக பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் நின்றவர்கள் திரும்பி வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கைப்பையின் எடை கூடிவிடும் என்று அஞ்சுபவர்கள் ஜாக்கெட்டைக் கையில் போட்டுக்கொண்டோ அணிந்துகொண்டோ ஏறலாம். மங்கி கேப், கையுறை, இரண்டு ஜோடி காலுறை, மூடிய ஷூ, உடம்போடு ஒட்டிய ஒரு தெர்மல் பனியன் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். ஒரே ஒரு தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய உடைகள் நன்றாகச் சூடு காக்கும். ரயிலுக்குள் ஹீட்டர் புழுக்கும்போது ஒன்றைக் கழற்றவும் முடியும்.

முதலாம் டெர்மினலுக்கு அடியிலேயே எஸ்8, எஸ்9 என்ற நகர ரயில்கள் வருகின்றன. இதே எண்கள் எதிர்த்திசையில் வீஸ்பாடனுக்கும் போகின்றன. ஊருக்குப் போக வேண்டியவர்கள் பலகையில் ஹனாவ் அல்லது ஆஃபன்பாக் என்ற பெயரைப் பார்த்து ஏற வேண்டும். நுழைவாயிலில் தடுப்பு எதுவும் இருக்காது என்பதற்காக டிக்கெட் இல்லாமல் ஏறினால், பரிசோதகரிடம் சிக்கும்போது 60 யூரோ அபராதம். இரண்டு பேருக்கு மேல் போகிறீர்கள் என்றால் ஐந்து பேர் வரை செல்லும் குழு நாள் டிக்கெட்டின் விலையை மெஷினில் ஒப்பிட்டுப் பாருங்கள். விமான நிலையமும் அதில் அடங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்து எடுங்கள். மத்திய ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் போதைப்பொருள் புழக்கம் உண்டு. அங்கே இறங்காமல் நகர மையத்திலுள்ள ஹவுப்ட்வாஹே நிலையம் வரை போய் இறங்குவது நல்லது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ரோமர்பெர்க் சதுக்கம். 1405 முதல் நகர மன்றமாக இருந்துவரும் ரோமர் கட்டடம், 1848இல் ஜெர்மனியின் முதல் தேசிய சபை கூடிய பவுல் தேவாலயம், பேரரசர்களுக்கு முடிசூட்டிய பேராலயம், மைன் ஆற்றின்மேல் இரும்பு நடைபாலம் என எல்லாமே சில நிமிட நடைத் தொலைவில், காசில்லாமல் பார்க்கக் கூடியவை. 1944 மார்ச் குண்டுவீச்சில் இந்தப் பழைய நகரம் எரிந்து போனது. இன்று பழமையாகத் தோன்றும் வீடுகளில் பல மீண்டும் கட்டப்பட்டவை. மூன்றரை மணி நேரத்தில் இதற்கு மேல் எங்கும் ஓட வேண்டாம்.

நவம்பர் கடைசியில் தொடங்கி கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்வரை இந்தச் சதுக்கத்தில் சந்தை நடக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. சூடான உருளைக்கிழங்கு அடையை ஆப்பிள் கூழோடு தருவார்கள். மாவில் முட்டை இருக்கலாம், சைவர்கள் கேட்டு வாங்குங்கள். ஆவி பறக்க விற்கும் குளூவைன் மதுபானம். பிள்ளைகளுக்கு மது கலக்காத கிண்டர்பன்ச் என்று கேட்டு வாங்க வேண்டும். கோப்பைக்கு முன்பணம் பிடித்து, திருப்பிக் கொடுக்கும்போது தருவார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தபோது விரல்நுனிகளுக்கு உணர்வு திரும்பியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டிசம்பர் 24 பிற்பகலிலிருந்து 26 வரையிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஜனவரி 1 அன்றும் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். நம் மக்கள் அதிகமாகப் பறக்கும் நாட்களும் அவையே. அன்றைக்கு இறங்குபவர்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவதோ, ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் திறந்திருக்கும் கடைகளை நம்புவதோ நல்லது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். காலி பாட்டிலைக் கொண்டுபோனால் அந்தச் செலவு மிச்சம்.

பனி கொட்டும் நாளில் இறக்கைகளில் உறைந்த பனியை நீக்கிய பிறகே விமானம் கிளம்பும். தாமதமும் ரத்தும் சகஜம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி அங்கிருந்து புறப்படும் விமானம் நீண்ட நேரம் தாமதமானால் உணவும், இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் விமான நிறுவனம் தர வேண்டும். பனிப்புயல்போலத் தவிர்க்க முடியாத காரணமாக இருந்தால் இழப்பீட்டுத் தொகை கிடைக்காது; ஆனால் உணவும் தங்குமிடமும் தரும் கடமை அப்போதும் நீங்காது. கவுன்டரில் நின்று உரிமையோடு கேளுங்கள். ஷெங்கன் விசா இல்லாதவர்கள் வெளியே ஹோட்டலுக்குப் போக முடியாமல் உள்ளேயே இரவைக் கழிக்க நேரலாம். ஆகவே வயதானவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு மூன்று நாளைக்கு வரும் அளவில், மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும்.