டின் விசில்: தகரக்குழல் என்னும் சொல்லும் அதன் வேரும்

அயர்லாந்தின் மரபிசையில் ஃபிடிலோடும் துருத்திக்குழலோடும் சேர்ந்து ஒலிக்கும், ஒரு முழத்தை எட்டாத மெல்லிய உலோகக் குழலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் டின் விசில். இந்தப் பெயரைத் தமிழில் அப்படியே எழுதும்போது இடர்ப்பாடு ஒன்று நேர்கிறது. விசில் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பேருந்து நடத்துநரின் ஊதலும் குக்கரின் சத்தமும்தான்; இரண்டு எண்மங்கள் (ஸ்தாயிகள்) வரை பாடக்கூடிய ஓர் இசைக்கருவி நினைவுக்கு வருவதில்லை. எனவே இச்சொல்லின் இரு பகுதிகளையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது நல்லது.

விசில் என்பதன் பழைய ஆங்கில வடிவம் குழாயையும் ஊதுகருவியையும் குறித்தது. ஐரிஷ் மொழியில் இக்கருவிக்கு ஃபடோக் என்று பெயர். வாயால் அடிக்கும் சீழ்க்கையைக் குறிக்கும் ஃபியட் என்ற சொல்லோடு பெயராக்க ஈறு சேர்ந்து பிறந்தது அது. சீழ்க்கை போலக் குரல் கொடுக்கும் உப்புக்கொத்திப் பறவையையும் ஐரிஷ் மக்கள் இதே பெயரால் அழைக்கிறார்கள். தகரத்தைக் குறிக்கும் சொல்லைப் பின்னால் சேர்த்து ஃபடோக் ஸ்டான் என்றால் அதுவே டின் விசில்; பன்மையில் ஃபடோகா ஸ்டான். டின் விசில் கலைஞர் மேரி பெர்ஜின் 1979இல் வெளியிட்ட இசைத்தட்டு இந்தப் பன்மைப் பெயரையே தாங்கி வந்தது. பக்கவாட்டில் பிடித்து ஊதும் மரப் புல்லாங்குழலை ஐரிஷ் மொழியில் ஃபடோக் வோர், அதாவது பெரிய சீழ்க்கைக்குழல் என்பார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆங்கிலத்தில் விசில், ஃபுளூட் என்று இரு வேறு இனங்களாகத் தோன்றுபவை அந்த மக்களின் காதில் ஒரே குடும்பத்தின் சிறியதும் பெரியதுமாகவே இருக்கின்றன. இரண்டிலும் விரல் வைப்பு ஏறத்தாழ ஒன்றே. சிறியதில் பழகிய பிள்ளைகள் பலர் பிறகு பெரியதற்கு மாறுகிறார்கள்.

டின் என்னும் பகுதியில்தான் மொழிபெயர்ப்பாளர் சறுக்க வாய்ப்பு அதிகம். அகராதியைப் பார்த்து வெள்ளீயக்குழல் என்று எழுதினால் அது பிழையாகிவிடும். இக்கருவி வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டால் செய்யப்பட்டது. நாம் தகர டப்பா என்று சொல்லும்போது குறிப்பதும் அத்தகைய பூச்சுத் தகட்டைத்தான். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துக் கோனி வெஸ்டன் சிற்றூரைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் 1843இல் இத்தகட்டைச் சுருட்டிக் குழல் செய்யத் தொடங்கி, பின்னர் மான்செஸ்டரில் பட்டறை வைத்துப் பெருமளவில் விற்றார். மலிவு விலையே அதை ஏழை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. பென்னி விசில் என்ற மறுபெயரும் அந்த மலிவைச் சொல்வதுதான்.

கிளார்க் குழலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், தகட்டின் இரு ஓரங்களும் சேர்ந்த மூட்டு முதுகுப் பக்கத்தில் நெடுகத் தெரியும். வாய் வைக்கும் முனை அகன்றும் அடிமுனை குறுகியும் இருக்கும். ஊதும் முனையில் செருகிய மரக்கட்டைக்கும் தகட்டுக்கும் இடையே விடப்பட்ட குறுகிய இடுக்கின் வழியே மூச்சு சென்று, எதிரே வெட்டிய கூர்விளிம்பில் மோதி ஒலியாகிறது. முன்பக்கத்தில் ஆறு துளைகள். ரெக்கார்டர் என்னும் ஐரோப்பியக் குழலுக்கு உள்ளது போல் பின்னால் கட்டைவிரல் துளை கிடையாது. சற்று அழுத்தி ஊதினால் அதே விரல் வைப்பில் மேல் எண்மம் பிறக்கும். ஒரே சுரம் அடுத்தடுத்து வரும்போது பெரும்பாலும் நாக்கால் பிரிக்காமல், மேல் விரல் ஒன்றை இமைப்பொழுது தூக்கியும் கீழ் விரலால் துளையைத் தட்டியும் பிரிப்பது அயர்லாந்து முறை. மெதுவான பாடல் மெட்டுகளை வாசிப்பவர், அந்தப் பாடலின் சொற்களை அறிந்து, பாடகர் மூச்சு விடும் இடத்தில் தாமும் மூச்சு விட வேண்டும் என்று மூத்த கலைஞர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். ஊதுகுழல் என்ற சொல்லை அடுப்பங்கரை எடுத்துக்கொண்டுவிட்டது. புல்லாங்குழல் என்பதும் பொருந்தாது. வெளிப்புறம் வயிரம் (உறுதி) உடையதைப் புல் என்றும் உட்புறம் வயிரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. மூங்கில் புல்லாகையால் அதில் செய்தது புல்லாங்குழல். அந்தக் கணக்கில், கருமரத்தாலும் பாக்ஸ் மரத்தாலும் செய்யப்படும் அயர்லாந்து ஃபுளூட்டுக்கு மரக்குழல் என்பதே செம்மையான பெயர். குழலை அது செய்யப்பட்ட பொருளால் அழைப்பது நமக்குப் புதிதும் அன்று; சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றையந்தீங்குழல் ஒலிக்கிறது. ஆகவே டின் விசிலுக்குத் தகரக்குழல் என்பதே என் தேர்வு. ஐரிஷ் சொல்லின் உட்பொருளையும் காக்க விரும்புவோர், சீழ்க்கைக்கு நம் சங்கப் பாடல்கள் வழங்கிய வீளை என்னும் சொல்லை எடுத்து வீளைக்குழல் எனலாம். அழகான சொல்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் விளக்கம் கேட்கும்.

இன்றைய குழல்கள் பல பித்தளைத் தண்டும் பிளாஸ்டிக் வாயும் கொண்டவை என்பதால் தகரக்குழல் என்ற பெயர் செல்லாது என வாதிடுவோர் உண்டு. ஆங்கிலத்திலும் ஐரிஷிலும் உலோகம் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. தமிழிலும் மாற வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் ஃபின்பார் ஃப்யூரி என்ற கலைஞரின் இந்திய மூங்கில் குழல் பயணத்தில் உடைந்துபோக, அதற்கு ஈடாகப் பெர்னார்டு ஓவர்ட்டன் உலோகத்தில் நீண்ட குழல் ஒன்றைச் செய்து கொடுத்தார். இன்று லோ விசில் எனப்படும் அந்தக் கனத்த குரல் கருவியைத் தமிழில் மந்தரத் தகரக்குழல் என்று எழுதலாம்.