இடர்க்கூறு: ‘ஆபத்துக் காரணி’ ஏன் பொருந்தாது?

“அறிகுறியற்ற நோயாளிகளிடம் சிறிய குடல் புண்களுக்கான ஆபத்துக் காரணிகள்.” மருத்துவச் செய்திகளில் இப்படியான தொடர்களைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. சிறியது குடலா, புண்ணா? ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளும் உறுப்புக்குச் சிறுகுடல் என்று பெயர் இருக்கிறது, அதை உடைப்பானேன்? ‘புண்களுக்கான ஆபத்து’ என்றால் புண்ணுக்கு ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்றல்லவா பொருள்!

இவை ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. ‘அல்சர்’ இலத்தீன் வழி வந்தது, பொருள் புண். அதில் சண்டை இல்லை. சிக்கல் ‘ஆபத்துக் காரணி’ என்று பெயர்க்கப்படும் ‘ரிஸ்க் ஃபேக்டரில்’தான். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் 1948இல் தொடங்கிய இதய ஆய்வு 1960களில் பரப்பிய தொடர் அது. யாருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டும் கூறு எதுவோ அது ரிஸ்க் ஃபேக்டர். அதுவே நோயை உண்டாக்க வேண்டும் என்பதில்லை.

‘காரணி’ என்றதும் தமிழர் காதில் விழுவது ‘காரணம்’. கணக்கில் 12இன் காரணி 3 என்பது சரி. நோயில் அது தவறான வாக்குமூலம். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் சிறுகுடலின் உட்சுவரை உண்மையிலேயே புண்ணாக்குகின்றன. முதுமையும் அதே பட்டியலில் வரும். முதுமை எந்தக் குடலையும் அரிப்பதில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வலிநிவாரணியோடு சேர்த்து உண்பவர்களின் சிறுகுடலில் பாதிப்பு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. இரைப்பையைக் காக்கத் தரும் மாத்திரை அது! இம்மூன்றையும் ‘காரணி’ என்று ஒரே கயிற்றில் கட்டினால், படிப்பவர் மருத்துவரைக் கேளாமலே இதயத்துக்கான ஆஸ்பிரினை நிறுத்திவிடுவார். சொல் செய்யும் கேடு இது.

‘ஆபத்து’ வடசொல் என்பதற்காக மட்டும் நான் மறுக்கவில்லை. ஆபத்து வந்து நிற்பது, ரிஸ்க் வரக்கூடியது. ரிஸ்க்குக்கு நான் சொல்வது ‘இடர்’. அதுவும் துன்பம்தானே என்பார்கள். பழைய வழக்கில் ஆம். ஆனால் வங்கியும் காப்பீடும் ‘இடர் மேலாண்மை’ என்று சொல்லிச் சொல்லி, இன்னும் நேராத இழப்பை அச்சொல்லுக்குப் பழக்கிவிட்டன. ‘இடர்க் காரணி’ பாதிக்கிணறு. ‘இடர்க்கூறு’ என்றால் காரணம் என்ற சாயலே இராது.

‘அறிகுறியற்ற நோயாளி’ அதைவிட மோசம். குளிகை வடிவக் கேமராவை விழுங்கச் செய்து பார்த்தபோது, எந்தத் தொந்தரவும் சொல்லாத நலமான தன்னார்வலர்களின் சிறுகுடலிலும் காயங்கள் தெரிந்தன. அவர்கள் ஆய்வுக்கு வந்தவர்கள். நோயாளி என்று யார் முத்திரை குத்தியது? ‘அறிகுறி இல்லாதவர்களுக்குச் சிறுகுடல் புண் வருவதற்கான இடர்க்கூறுகள்’ என்று எழுத எந்த அகராதியும் வேண்டாம்.