நிலைமாற்றக் கூட்டுப்பொருள்

மின்னணுக் கருவிகளின் சூட்டை அடக்க மெழுகையும் பயன்படுத்துகிறார்கள். அப்படி மெழுகோடு வேறொன்றைச் சேர்த்துச் செய்யும் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ஃபேஸ் சேஞ்ச் காம்போசிட்' என்று பெயர். தமிழில்?

'ஃபேஸ்' என்பதன் மூலம், தோற்றம் என்று பொருள்படும் 'ஃபாசிஸ்' என்ற கிரேக்கச் சொல். இதைச் சிலர் 'கட்டம்' என்று எழுதுகிறார்கள். 'கட்ட மாற்றப் பொருள்' என்று படித்தால் எனக்கு மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே நடப்பது திண்மம் நீர்மமாவது. அதற்குப் பள்ளியிலேயே பழகிய 'நிலை' இருக்கிறது.

மோரில் போட்ட ஐஸ்கட்டி கரைந்து முடியும்வரை மோர் சில்லென்றே இருக்கும். கட்டி வாங்கும் வெப்பமெல்லாம் உருகுவதற்கே போய்விடுகிறது, வெப்பமானியில் தெரிவதில்லை. 1760களில் இதை ஆராய்ந்த ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக், மறைந்திருப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லடியாக 'லேட்டண்ட்' என்றார். தமிழகப் பாடநூல்களில் இது 'உள்ளுறை வெப்பம்', இலங்கையில் 'மறைவெப்பம்'. தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமம் நினைவுக்கு வருவதால் என் ஓட்டு முதலாவதுக்கு.

பாரஃபின் மெழுகு ஒரு கிராம் உருகச் சுமார் 200 ஜூல் வேண்டும். 5 வாட் கூடுதல் சூட்டை 10 கிராம் மெழுகு ஏறக்குறைய ஏழு நிமிடம் வாங்கிக்கொள்ளும். ஆனால் மெழுகு வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும்: அதன் கடத்துதிறன் 0.2 அளவில் இருக்க, செம்புக்கு அதே அலகில் 400. சூடாகும் மின்னணுச் சில்லுக்குப் பக்கத்தில் உள்ள மெழுகு உருகிவிடும், தள்ளி இருப்பது சும்மா கிடக்கும். உருகினால் ஒழுகவும் செய்யும். அதனால்தான் விரிவாக்கிய கிராஃபைட்டின் நுண்துளைகளில் மெழுகை ஊறவைக்கிறார்கள். கிராஃபைட் வெப்பத்தைப் பரப்பும், உருகிய மெழுகையும் பிடித்து வைக்கும்.

இந்தச் சேர்க்கைதான் 'காம்போசிட்'. 'சேர்மம்' என்பது தவறு, ஏனென்றால் இங்கே வேதிவினை இல்லை. 'கூட்டுப்பொருள்' சரி. நம் வீட்டுக் கூட்டிலும் பூசணிக்காய் பூசணிக்காயாகவே இருக்கிறது, பருப்பு பருப்பாகவே இருக்கிறது.

'வெப்பந்தாங்கி' என்றும் சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் சூடு தாங்கும் பாத்திரம் என்றால் சூட்டில் கெடாதது என்றுதானே எடுத்துக்கொள்வோம்? 'வெப்பச் சேமிப்பி'யும் எனக்கு ஒட்டவில்லை. சேமித்ததைப் பிறகு எடுத்துச் செலவழிப்போம், இங்கே வாங்கிய வெப்பத்தை வெளியே விட்டால்தான் மெழுகு அடுத்த சுற்றுக்கு உதவும். 1971இல் அப்போலோ 15 நிலவுக்குக் கொண்டுபோன வண்டியில் மெழுகுப் பெட்டிகள் இருந்தன. ஓடும்போது மின்னணுப் பெட்டிகளின் சூட்டில் மெழுகு உருகும். வண்டியை நிறுத்திய பிறகு மேல்மூடிகளைத் திறந்து வைப்பார்கள், வெப்பம் விண்வெளிக்குப் போய் மெழுகு மறுபடி உறையும்.